நொதி எதன்மீது, எந்தச் சூழலில் வேலை செய்கிறது? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, உயிரினங்களில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் நொதிகளை (என்சைம்களை) பற்றியவை. சமையலறை, சாயப்பட்டறை, வயல், வகுப்பறை என்று அவை பிறந்த இடங்கள் வேறு வேறு. ஆயினும் ஒவ்வொன்றுக்கும் விடை தேடும்போது நான் முதலில் பார்ப்பது இரண்டைத்தான்: அந்த நொதி எந்தப் பொருளின்மீது செயல்படுகிறது, அதற்கு எவ்வளவு வெப்பமும் எவ்வளவு அமிலத்தன்மையும் ஏற்றவை.

கேள்வி: வாழைப்பூவை அரிந்தவுடன் மோரில் போடச் சொல்கிறார்கள். வெறும் தண்ணீர் போதாதா?

தண்ணீரும் ஓரளவு உதவும். மோர் கூடுதலாக உதவும். வாழைப்பூவின் செல்களில் துவர்ப்பைத் தரும் பாலிபீனால்கள் ஓர் அறையிலும், அவற்றை ஆக்ஸிஜனோடு வினைபுரியச் செய்யும் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. கத்தி பட்டுச் செல்கள் கிழிந்ததும் இரண்டும் கலக்கின்றன. காற்றும் சேர்ந்துகொள்ள, குயினோன்கள் என்ற சேர்மங்கள் உருவாகி, அவை தமக்குள் பிணைந்து கருமை நிறமிகளாக மாறுகின்றன. தண்ணீரில் அமிழ்த்தும்போது காற்றுபடுவது குறைகிறது, அவ்வளவே. மோரில் அதோடு, அந்த நொதிக்கு ஒவ்வாத புளிப்பும் சேர்கிறது. மோரிலுள்ள கேசின் புரதம் பாலிபீனால்களைப் பற்றிக்கொள்வதால் துவர்ப்பும் சற்றே அடங்குகிறது.

இதே நொதியிடம் வேண்டுமென்றே வேலை வாங்கும் தொழில் நீலகிரியில் நடக்கிறது. வாடவைத்த தேயிலைக் கொழுந்தை இயந்திரத்தில் நசுக்கிப் பரப்பி வைத்ததும், பச்சை இலை சிறிது நேரத்திலேயே செம்பு நிறத்துக்கு மாறுகிறது. அங்கே வேலை செய்வது நுண்ணுயிர் அன்று. இலையிலேயே உள்ள பாலிபீனால் ஆக்சிடேஸ். நிறமும் சுவையும் பக்குவத்துக்கு வந்ததும், சூடான உலர்த்தியில் இலையைச் செலுத்தி நொதியைச் செயலிழக்கச் செய்கிறார்கள். பச்சைத் தேயிலைக்கோ, பறித்த கையோடு ஆவி காட்டியோ வறுத்தோ நொதியை முதலிலேயே முடக்கிவிடுவதால் நிறம் மாறுவதில்லை.

கேள்வி: நொதி ஒரு வினையை விரைவுபடுத்துகிறது என்று பாடத்தில் படிக்கிறோம். எவ்வளவு விரைவாக? நடக்கவே நடக்காத வினையையும் அது நடத்திவிடுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை: நடத்தாது. ஆற்றல் கணக்கின்படி எந்தத் திசையில் செல்ல வேண்டிய வினையோ அந்தத் திசையில்தான் அது செல்லும். எந்தச் சமநிலையில் நிற்க வேண்டுமோ அங்கேயே நிற்கும். வினை தொடங்குவதற்குத் தாண்ட வேண்டிய கிளர்வு ஆற்றலை நொதி குறைக்கிறது. அதனால் அந்தச் சமநிலை விரைவில் எட்டப்படுகிறது. நொதி செயல்படும் பொருளான தளப்பொருளின் மூலக்கூறு, நொதியில் வினை நடக்கும் இடமான செயல்மையத்தில் பொருந்தும்போது, பிணைப்புகள் முறிவதற்கும் உருவாவதற்கும் ஏற்ற நிலையில் அது பிடித்துவைக்கப்படுகிறது. பூட்டுக்கும் சாவிக்கும் உள்ள பொருத்தமாக இதை எமில் ஃபிஷர் 1894-இல் விளக்கினார்; தளப்பொருள் வந்து சேரும்போது நொதியும் தன் வடிவத்தைச் சற்று மாற்றிக்கொள்கிறது என்று டேனியல் கோஷ்லண்ட் 1958-இல் அந்த விளக்கத்தைத் திருத்தினார்.

வேகத்தை உணர நம் மூச்சையே எடுத்துக்கொள்ளலாம். இரத்தத்தில் பைகார்பனேட்டாக வரும் கார்பன் டை ஆக்சைடு, நுரையீரலில் மீண்டும் வாயுவாக மாறி வெளியேற வேண்டும். இரத்தச் சிவப்பணு அங்குள்ள நுண்குழாய்களைக் கடக்கும் நேரம் ஒரு நொடிக்கும் குறைவு. தானாக நடக்கும் வேகத்தில் அந்த மாற்றம் அதற்குள் முடியாது. துத்தநாக அணு ஒன்றைச் செயல்மையத்தில் கொண்ட கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி, ஒரு மூலக்கூறுக்கு நொடிக்கு 10 லட்சம் வினைகள் என்ற அளவுவரை செயல்படக்கூடியது என்பதால்தான் நம்மால் வெளிமூச்சு விட முடிகிறது. இதைவிட வியப்பளிப்பது, டிஎன்ஏவின் கட்டுமானப் பொருள்களை உருவாக்கும் பாதையில் உள்ள ஒரு டிகார்பாக்சிலேஸ் நொதி. அது இல்லாமல் அந்த வினை பாதியளவு நடக்கவே ஏறத்தாழ 7.8 கோடி ஆண்டுகள் ஆகும். நொதி இருந்தால் நொடியின் சிறு பகுதி போதும்.

கேள்வி: நொதிகள் எல்லாம் புரதங்கள்தானா?

ஏறக்குறைய எல்லாம். ஜேம்ஸ் சம்னர் 1926-இல் ஜாக் பீன் என்ற அவரை இனத்திலிருந்து யூரியேஸ் நொதியைப் படிகமாகப் பிரித்து அது புரதம் என்று காட்டினார். ஆனால் புரதமல்லாத ஆர்என்ஏவும் வினையூக்கியாகச் செயல்படும் என்று கண்டறிந்த தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் இருவருக்கும் 1989-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் செல்களில் அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்கும் வேலையைச் செய்வதே, செல்லின் புரதத் தொழிற்கூடமான ரைபோசோமில் உள்ள ஆர்என்ஏதான்.

கேள்வி: சூட்டில் நொதி அழியும் என்றால், 104 டிகிரி காய்ச்சலில் உடம்பின் நொதிகள் என்ன ஆகும்? பிசிஆர் பரிசோதனையில் கொதிநிலைக்கு அருகில் நொதி எப்படித் தாங்குகிறது?

104 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது 40 டிகிரி செல்சியஸ். நம் நொதிகளில் பெரும்பாலானவை அந்த வெப்பத்தில் உடனே குலைந்துவிடுவதில்லை. ஆனால் உடல் வெப்பம் அதற்கும் மேலே ஏறி நீடித்தால் புரதங்களின் மடிப்பு குலையத் தொடங்கும் என்பதால், அத்தகைய காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்ப்பதில் தாமதம் கூடாது.

பிசிஆர் என்பது டிஎன்ஏவை நொதியால் மீண்டும் மீண்டும் படியெடுத்துப் பெருக்கும் முறை. அதில் டிஎன்ஏவின் இரண்டு இழைகளைப் பிரிப்பதற்காகக் கலவையை ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குகிறார்கள். கேரி முல்லிஸ் 1983-இல் இந்த முறையைக் கண்டறிந்த தொடக்கக் காலத்தில், சூட்டில் நொதி செயலிழந்துபோனதால் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக நொதி சேர்க்க வேண்டியிருந்தது. இதற்குத் தீர்வு வெகு முன்பே கண்டெடுக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவில் உள்ள வெந்நீர் ஊற்றுகளை 1960-களில் ஆராய்ந்த தாமஸ் பிராக், 70 டிகிரி வெப்பத்திலும் செழித்து வளரும் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவைக் கண்டறிந்து, 1969-இல் அதை உலகுக்கு அறிவித்தார். அந்த பாக்டீரியாவின் டாக் பாலிமரேஸ் நொதி சூட்டைத் தாங்குவதால், ஒருமுறை சேர்த்தால் போதும் என்றானது. ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏ இரட்டிப்பதாகக் கொண்டால், 30 சுற்றுகளில் ஒரு மூலக்கூறு 107 கோடியாகப் பெருகும். கொரோனா வைரஸின் மரபுப்பொருள் ஆர்என்ஏ ஆகையால், ஆர்டி-பிசிஆரில் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதி முதலில் அதை டிஎன்ஏவாகப் படியெடுக்கிறது. எந்தப் பயனையும் எதிர்பாராமல் வெந்நீர் ஊற்றில் செய்த ஆய்வு மருத்துவத்துக்கு இவ்வளவு உதவியிருப்பதை, அடிப்படை ஆய்வுக்கு நிதி ஒதுக்கத் தயங்குவோர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: என்சைம் கலந்த சலவைத்தூளில் பட்டுப் புடவையைத் துவைக்கலாமா?

கூடாது. இரத்தக்கறை, பால்கறை போன்ற புரதக் கறைகளை வெட்டுவதற்காக அத்தூளில் புரோட்டியேஸ் சேர்க்கப்படுகிறது. பட்டிழையும் புரதமே, கறையையும் இழையையும் பிரித்தறிய அந்த நொதிக்குத் தெரியாது. மீண்டும் மீண்டும் துவைத்தால் பளபளப்பும் உறுதியும் குறையும். கம்பளிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பருத்தி புரதமல்ல, செல்லுலோஸ் என்பதால் புரோட்டியேஸால் அதற்குத் தீங்கில்லை. ஆனால் அத்தூளைக் கொதிக்கும் நீரில் கரைத்தால் நொதி வீணாகிவிடும்.

கேள்வி: திருப்பூரில் பின்னலாடைத் துறையில் பணியாற்றுகிறேன். பயோ வாஷ் செய்த துணி சில நேரங்களில் எடை குறைந்து, வலுவிழந்து வருகிறது. காரணம் என்ன?

துணியை நொதியால் கழுவும் பயோ வாஷில் பயன்படுவது செல்லுலேஸ். துணியின் மேற்பரப்பில் துருத்திக்கொண்டிருக்கும் நுண்ணிழைகளின் செல்லுலோஸ் பிணைப்புகளை அது வெட்டுகிறது. இயந்திரத்தின் சுழற்சியில் அந்த இழைநுனிகள் உதிர்ந்துவிட, துணி வழவழப்பாகிறது, பிறகு உருண்டை கட்டுவதும் குறைகிறது. இழைநுனியும் துணியின் உடலும் ஒரே செல்லுலோஸ் என்பதால், நுனியோடு நிற்பது நொதியின் கையில் இல்லை; அதை நிறுத்த வேண்டியவர் நீங்கள்தான். அமிலச் சூழலில் செயல்படும் செல்லுலேஸ் வகைக்கு, அமிலத்தன்மையைக் காட்டும் அளவான பிஎச் 4.5 முதல் 5.5 வரையும், வெப்பம் 50 முதல் 55 டிகிரி செல்சியஸ் வரையும் ஏற்றவை. நேரம் முடிந்ததும் குளியலை 80 டிகிரிக்கு உயர்த்தியோ, சோடா சேர்த்துக் காரமாக்கியோ நொதியைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். தண்ணீரை வடித்துவிட்டால் போதும் என்று இந்தப் படியை விட்டுவிடும் இடங்களில், துணியில் ஊறிய நொதி அடுத்த வேலை தொடங்கும்வரை இழையைத் தின்றுகொண்டே இருக்கும். நீங்கள் சொல்லும் குறைக்கு முதலில் சோதிக்க வேண்டிய காரணம் இதுவே. நொதியின் அளவையும் ஓட்டும் நேரத்தையும் அதன் பிறகு சரிபாருங்கள்.

கேள்வி: பூச்சிமருந்து அடித்துவிட்டு வந்தவருக்கு எச்சில் ஒழுகியது, கண்பாவை சுருங்கியது, தசை துடித்தது. இதற்கும் நொதிக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. நரம்பிலிருந்து தசைக்கும் சுரப்பிகளுக்கும் செய்தி கடத்தும் அசெட்டைல்கோலினை, வேலை முடிந்த கணமே சிதைப்பது அசெட்டைல்கோலின்எஸ்டரேஸ் என்ற நொதி. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லிகள் அந்த நொதியின் செயல்மையத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தோடு வேதிப்பிணைப்பில் ஒட்டிக்கொள்வதால் நொதி முடங்குகிறது. அசெட்டைல்கோலின் தேங்கி, செய்தி ஓயாமல் சென்றுகொண்டே இருக்கிறது. நீங்கள் கண்ட அறிகுறிகள் அதன் விளைவே. மூச்சுத் தசைகள் செயலிழந்தால் உயிருக்கே ஆபத்து. நனைந்த ஆடைகளைக் களைந்து, தோலைச் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்துப் புட்டியின் விவரச்சீட்டோடு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கழுவுகிறவர் கையுறை அணிவது நல்லது. அங்கே தரப்படும் அட்ரோபின் அறிகுறிகளைத் தணிக்கும்; பிராலிடாக்சிம் நொதியில் ஒட்டிய நஞ்சைப் பிரித்தெடுக்கக்கூடியது. நேரம் கடந்தால் அந்தப் பிணைப்பு பிரிக்க முடியாதபடி இறுகிவிடும் என்பதால், வீட்டில் படுத்து ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது.

கேள்வி: எலுமிச்சைத் தோல், வெல்லம், தண்ணீர் சேர்த்து மூன்று மாதம் ஊறவைத்த பயோ என்சைம் கிருமிகளை அழிக்குமா?

அதில் நடப்பது நொதித்தல். ஈஸ்டும் பாக்டீரியாக்களும் வெல்லத்தை உண்டு, முக்கியமாக அசெட்டிக், லாக்டிக் அமிலங்களை விட்டுவைக்கின்றன. குளியலறை ஓடுகளில் படிந்த உப்புக்கறையை அது நீக்குவது பெரிதும் அந்தப் புளிப்பினால்தான். நொதிகளின் பங்கு சிறிது. குப்பைக்குப் போகும் தோலைப் பயன்படுத்தும் நல்ல வழி என்ற அளவில் அதை வரவேற்கிறேன். நோயாளி இருக்கும் அறையிலும், புண்ணைக் கழுவவும் கிருமிநாசினிக்கு மாற்றாக அதை நம்பக் கூடாது. முதல் மாதம் வாயு மிகுதியாக உண்டாகும். ஆகவே கண்ணாடிப் புட்டியைத் தவிர்த்து, பிளாஸ்டிக் கலனில் சற்று இடம் விட்டு ஊற்றி, நாள்தோறும் மூடியைத் தளர்த்திவிடுங்கள். பளிங்குத் தரையில் மட்டும் ஊற்ற வேண்டாம். அமிலம் அதன் மெருகை அரித்துவிடும்.