முதுகுத்தண்டில் அடிபட்டவர் ரோபோ சிகிச்சையால் மறுபடி நடக்க முடியுமா?

தம்பிக்கு மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு நான்கு மாதம் ஆகிறது, பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குக் கொண்டுபோய் ரோபோ சிகிச்சை கொடுத்தால் நடந்துவிடுவானா என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ ஒருவர் இயந்திரத்தில் நடக்கும் வீடியோவைப் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வீடியோ விஷயத்துக்காகத்தான் இந்தப் பதிலே.

என்னை வைத்தும் அப்படி ஒரு வீடியோ உண்டு. பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடிந்து பட்டர்வொர்த் திரும்பும் வழியில் விபத்து. டி12 என்கிற, நடுமுதுகின் கடைசி முள்ளெலும்பு நொறுங்கிப்போனது. அறுவை சிகிச்சை, படுக்கை, புண் எல்லாம் தாண்டி, கோலாலம்பூரில் லோக்கோமாட் என்ற சுவிட்சர்லாந்து இயந்திரத்தில் ஏற்றினார்கள். மேலிருந்து கச்சை கட்டி உடல் எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். கீழே டிரெட்மில் ஓடும். இடுப்புக்கும் முழங்காலுக்கும் மோட்டார் வைத்த இரும்புக் காலை நம் காலோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். முதல் நாள் நான் அதில் நடப்பதை மைத்துனன் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். அவ்வளவுதான். சுங்கை பட்டாணி அத்தை கோயிலில் தேங்காயே உடைத்துவிட்டார். இன்றைக்கும் கல்யாண வீட்டில் யாராவது வந்து, "அப்பவே நடந்தியே தம்பி, இன்னும் ஏன் இந்த நாற்காலி? முயற்சி பண்றதில்லையா?" என்பார்கள். எனக்கு எங்கே எரியும் என்று சொல்லத் தேவையில்லை.

அன்றைக்கு நடந்தது முழுக்க மோட்டார். அந்த இயந்திரம் காலை எவ்வளவு பலமாக இழுத்துக்கொண்டு போகவேண்டும் என்பதைப் பிசியோ கூட்டிக் குறைக்கலாம். நூறு சதவீதத்தில் வைத்தால், காலில் துளி அசைவு இல்லாதவரைக்கூட அழகாக நடத்திக் காட்டும். நோயாளி ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கலாம். என்னைப் பார்த்துக்கொண்ட பிசியோ ஒரு மலாய்க்கார அக்கா. அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார். எதிரே திரையில் நம் பங்கு எவ்வளவு என்று தெரியும். வலது தொடை ஏதோ கொடுக்கும், இடது பக்கம் கோடு தட்டையாகக் கிடக்கும். உடம்பெல்லாம் வியர்த்துவிடும். வீடியோவில் வராத உழைப்பு அதுதான்.

இன்னொன்றும் வீடியோவில் வராது. கச்சை கட்டவும், கால் நீளம் சரிபார்க்கவும், பட்டை இறுக்கவுமே நேரம் போய்விடும். இறங்கியதும் பட்டை அழுத்திய இடமெல்லாம் சிவந்திருக்கிறதா என்று தோலைப் பார்க்க வேண்டும். உணர்வு இல்லாத இடத்தில் புண் வந்தால் நமக்குத் தெரியாது. ஒரு புண் வந்தால் பயிற்சியே நின்றுபோகும். நிற்காமல் கிடந்த காலில் எலும்பும் மெலிந்துவிடுகிறது என்பதால் முதலில் எலும்பு அடர்த்தியைச் சோதிப்பார்கள். எடுத்த எடுப்பில் நிமிர்த்தினால் ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும், அதனால் படுக்கவைத்துக் கட்டி மெல்ல மெல்ல நிமிர்த்தும் சாய்மேசையில் பழக்கிவிட்டுத்தான் ஏற்றினார்கள்.

நான் டாக்டர் இல்லை. "மக்களின் நம்பிக்கையைக் கெடுக்கிறாய்" என்று யாரும் கிளம்ப வேண்டாம். காயத்துக்குக் கீழே இருக்கும் தண்டுவடத்துக்கும் நடையின் தாளம் ஓரளவு தெரியும், பாதத்தில் எடை விழுந்து திரும்பத் திரும்ப நடக்கும்போது அது விழிக்கும் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை. ஆனால் மூளையிலிருந்து கொஞ்சமாவது நரம்புவழி மிஞ்சியிருந்தால்தான் அது நம் சொந்த நடையாகும். அதற்குத்தான் ஏஷியா அளவுகோல் (ASIA, அமெரிக்க முதுகுத்தண்டுக் காய சங்கத்தின் சுருக்கப் பெயர்) என்று ஏ முதல் ஈ வரை தரம் பிரிக்கிறார்கள். ஏ என்றால் முழுக் காயம். சி, டி என்றால் கீழே தசையசைவு மிஞ்சியிருக்கிறது. நான் சி. இப்போது வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடப்பேன், வெளியே சக்கர நாற்காலி. இதில் இயந்திரத்தின் பங்கு எவ்வளவு, கையால் செய்த பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆராய்ச்சிகளிலும், அதே அளவு நேரம் கையால் பயிற்சி கொடுத்தால் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று பல முறை வந்திருக்கிறது. இயந்திரத்தில் அதிக அடிகள் போடலாம், பிசியோக்களின் முதுகும் பிழைக்கும்.

ஜப்பானின் ஹால் (HAL) என்ற, உடம்பில் மாட்டிக்கொள்ளும் ரோபோ வேறு வகை. நாம் காலை அசைக்க நினைக்கும்போது தோலில் தெரியும் மெல்லிய மின்சமிக்ஞையைப் பிடித்து அது உதவும். மலாக்காவில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) மறுவாழ்வு மையத்தில் அது இருக்கிறது. ஈப்போ மேரு ராயாவில் சொக்சோ கட்டிய மையம் உங்களுக்கு இன்னும் பக்கம். தம்பி வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ விபத்து நடந்திருந்தால் அதுவும் சொக்சோ கணக்கில் பணி விபத்துதான். முதலாளி "அது ரோட்டு ஆக்ஸிடன்ட்" என்று தட்டிக்கழித்தால் நம்பாதீர்கள். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

அப்புறம், கேட்காத விஷயம் ஒன்று. இவ்வளவு பயிற்சி எடுத்து பினாங்கு ஜார்ஜ் டவுனில் லெபோ பாசார் தெருவுக்கு ஒரு தோசை சாப்பிடப் போனால், கடை முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதை முழுக்க மோட்டார் சைக்கிள், மேசை, சாமான். கடைக்குக் கடை படி வேறு. நாற்காலியை ரோட்டில் இறக்கி லாரிக்கு ஒதுங்கிப் போக வேண்டியிருக்கிறது. ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய 2008லேயேதான் நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் வந்தது. வந்தபோது, அதை மீறினால் தண்டனை என்று ஒரு வரிகூட அதில் இல்லை. கடைக்காரரைக் கேட்டால், "கொஞ்சம் சுத்திப் போங்க அண்ணே" என்கிறார்.

சரி, தம்பி விஷயம். அவர் தரம் ஏயா, சியா என்று முதலில் டாக்டரிடம் கேளுங்கள். ஏ என்றால் கடன் வாங்கி, நிலம் விற்று ரோபோவுக்கு ஓடாதீர்கள். நாற்காலிக்குத் தானே மாறுவது, சிறுநீர்க் குழாயைத் தானே போட்டுக்கொள்வது, இவற்றை முதலில் கற்றுக்கொள்ளட்டும். சி, டி என்றால் மையத்துக்கு இன்றைக்கே விண்ணப்பியுங்கள். பெரிய முன்னேற்றமெல்லாம் பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான் வருகிறது, உங்களுக்கு நான்கு ஓடிவிட்டது. இடம் கிடைக்கும்வரை படுக்கையில் காத்திருக்க வைக்காமல், பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிப் பிசியோவிடம் வாரா வாரம் கூட்டிப்போங்கள்.