சமையலறைப் பொருட்களை வைத்தே முடியைப் பராமரிக்க முடியுமா? உண்மையில் பலன் இருக்கிறதா?

முடியும், பலனும் உண்டு. ஆனால் எந்தப் பலன் என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே நிறைய வீடியோ பார்த்துவிட்டு, ஒன்று சொன்னதை இன்னொன்று மறுக்க, எதை நம்புவது என்று தெரியாமல்தான் இங்கே கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் தோல் மருத்துவர் இல்லை, அழகு நிலையமும் நடத்தவில்லை, அதனால் உனக்கென்ன தகுதி என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். சுருட்டை முடிக்காரி, பல வருடங்களாக என் தலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.

வெளியே தெரிகிற முடி உயிரில்லாத கெராட்டின் என்ற புரதம். உயிர் இருப்பது தோலுக்குள் உள்ள வேரில் மட்டும். அதனால் மேலே தடவுகிற பொருள் முடியை வழுவழுப்பாக்கும், சிக்கைக் குறைக்கும், ஒடியாமல் காக்கும். ஒரே வாரத்தில் இடுப்புவரை வளர வைக்காது, முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். இதை ஏற்றுக்கொண்டால் சமையலறையில் நல்ல பொருள் நிறையவே இருக்கிறது.

நான் விடாமல் செய்வது ஆளி விதை ஜெல். கால் கப் விதைக்கு இரண்டு கப் தண்ணீர், மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், பிறகு நுரை கட்டும், கரண்டியைத் தூக்கினால் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி நூலாக இழுபடும். அந்த நிமிடம் அடுப்பை அணைத்து, சூடாக இருக்கும்போதே வடிகட்டிவிடுங்கள். ஆறவிட்டால் ஜெல் இறுகி விதையோடு ஒட்டிக்கொள்ளும், துணியைப் பிழிந்து பிழிந்து கைதான் வலிக்கும். ஈர முடியில் தடவி, கைக்குள் வைத்துக் கசக்கிவிட்டால் காய்ந்தபிறகு சுருள் கலையாமல் நிற்கும். ஊறவைத்து அரைத்த வெந்தயமும் இதே வகைதான், அந்தக் கொழகொழப்பு முடியின்மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. நன்றாக நைஸாக அரையுங்கள், இல்லையென்றால் துணுக்குகளைப் பொறுக்கியே பொழுது போய்விடும்.

எண்ணெயில் தேங்காய் எண்ணெய்க்குத் தனி இடம் உண்டு. 2003-இல் வந்த ஓர் ஆய்வில் தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய் (பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது) மூன்றையும் ஒப்பிட்டார்கள், முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதில் உள்ள லாரிக் அமிலம் என்ற கொழுப்பு முடிக்குள்ளேயே போகும், அதனால் குளிப்பதற்கு முன்பு வைப்பது வீண் இல்லை. ஆனால் பொடுகு இருந்தால் தலைத்தோலில் எண்ணெயைத் தேய்க்காதீர்கள், பொடுகுக்குக் காரணமான மலாசீசியா என்ற பூஞ்சைக்கு எண்ணெயில் உள்ள கொழுப்புதான் தீனி. முட்டையின் புரத மூலக்கூறு பெரிது, உள்ளே நுழையாது, மேலேதான் படியும். போட்டால் வெந்நீரில் அலசாதீர்கள், முடியிலேயே வெந்துவிடும்.

எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் வேண்டவே வேண்டாம். தலைத்தோலின் பிஹெச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஏறக்குறைய 5.5, சோடா கரைசல் 8-க்கு மேலே. காரம் பட்டால் முடியின் மேற்செதில்கள் தூக்கிக்கொண்டு உரசும், சிக்கும், ஒடியும். எலுமிச்சைச் சாறு அந்தப் பக்கம் கடும் அமிலம், பட்ட தோலில் வெயில் விழுந்தால் புண்ணாகிக் கறுத்தும் போகலாம். "இயற்கைப் பொருள்தானே" என்று சண்டைக்கு வருபவர்கள் ஒரு சொட்டைக் கண்ணில் விட்டுப் பார்க்கட்டும்.

முடி கொட்டுவதற்காகக் கேட்கிறீர்கள் என்றால் அது வேறு கதை. என் தங்கைக்குப் பிரசவமான மூன்றாம் மாதம் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. பிரசவம், கடும் காய்ச்சல் இவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படி உதிர்வது வழக்கம், பெரும்பாலும் தானாகவே திரும்பி வரும். ஆனால் வீட்டுக்கு வந்த எல்லாரும் வெங்காயச் சாறு என்றார்கள். தேய்த்துத் தேய்த்துத் தலைத்தோல் சிவந்து எரிந்ததால் நிறுத்திவிட்டாள். சில மாதத்தில் நெற்றி ஓரத்தில் குட்டிக் குட்டி முடி முளைத்தது, உடனே "பார்த்தாயா, வெங்காயம்!" என்றார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. வெங்காயச் சாற்றை 2002-இல் ஒரு சிறிய ஆய்வில் சோதித்தது புழுவெட்டுக்கு, பிரசவ உதிர்வுக்கு இல்லை. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது சாதாரணம், அதற்கு மேல் தொடர்ந்து போனால் ரத்தத்தில் இரும்புச்சத்தும் தைராய்டும் பாருங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. ஒரு வேலை நேர்காணலில் என் படிப்பைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, "முடியைக் கொஞ்சம் நேராக்கிக்கொள்ளலாமே" என்றார் ஒருவர். வாரித்தான் போயிருந்தேன். சுருட்டை முடி என்றால் அழுக்கு, சோம்பல் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? தலையில் சுரக்கும் எண்ணெய் சுருளைத் தாண்டி நுனிவரை இறங்காது, அதனால்தான் வறண்டு பரந்து நிற்கிறது. இது தெரியாமல் அடுத்தவர் தலையைப் பற்றிப் பேச என்ன அவசரம்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எதுவானாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி, இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தலையில் வையுங்கள். வீட்டில் செய்வதில் கெடாமல் காக்க எதுவும் சேர்ப்பதில்லை என்பதால் ஆளி விதை ஜெல்லை ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள், நடுவில் வாடை மாறினாலோ நீர்த்துப்போனாலோ கொட்டிவிடுங்கள். முட்டை, தயிர் கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.