ஆறாம் நாளே வலி போய்விட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 42. பல மாதமாக வெறும் வயிற்றில் எரிச்சல். எண்டோஸ்கோப்பியில் இரைப்பைப் புண்ணும் ஹெச். பைலோரி கிருமியும் இருப்பது தெரிந்து, 14 நாளைக்கு நான்கு வகை மாத்திரை கொடுத்தார்கள். ஆறாம் நாளே வலி போய்விட்டது. ஆனால் வாயெல்லாம் இரும்பைச் சப்பியது போலக் கசப்பு, மலமும் கறுப்பாகப் போகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து நிறுத்தாதீர்கள். வலியைத் தணித்தது பெரும்பாலும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைதான். கிருமி இன்னும் உள்ளேயே இருக்கலாம். யூரியாவை அம்மோனியாவாக மாற்றித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை மட்டுப்படுத்திக்கொண்டு, இரைப்பையின் சளிப்படலத்துக்குள் பதுங்கி வாழ்கிற கிருமி அது. ஒரே மருந்துக்கு மசியாது.

எட்டாம் நாளோடு நிறுத்திய ஒருவர், சில மாதம் கழித்து அதே எரிச்சலோடு வந்தார். பாதி பிரிக்காத மாத்திரை அட்டையை என் மேசையில் வைத்து, "மீதியை இப்போது போட்டுக்கொள்ளட்டுமா டாக்டர்?" என்று கேட்டார். முடியாது என்றேன். மிஞ்சிய கிருமி பழைய மருந்துக்குப் பழகியிருக்கலாம். வேறு ஆன்டிபயாட்டிக் கூட்டணியோடு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அந்த அட்டை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

ஒரு காலத்தில் கவலையும் காரமும்தான் அல்சருக்குக் காரணம் என்று நம்பினார்கள். 1984-ல் பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் இந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் தன்னோடு ஆய்வு செய்த ராபின் வாரனோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

சரி, உங்கள் தொந்தரவுகளுக்கு வருவோம். உங்கள் மாத்திரைகளில் பிஸ்மத் என்ற மருந்து இருந்தால் மலம் கறுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் தார் போலப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனாலோ, தலைசுற்றினாலோ, ரத்த வாந்தி வந்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். கசப்பு பெரும்பாலும் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக் தருவது. மருந்து முடிந்ததும் போய்விடும். அதுவரையும், அதற்குப் பின் சில நாளும் மது கூடாது. வலி நிவாரணி மாத்திரைகளையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

அப்புறம், பலர் விட்டுவிடும் ஒன்று: கிருமி ஒழிந்ததா என்று பார்ப்பது. மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்யுங்கள். ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது. கிருமி போன பிறகும், அதை எதிர்க்க உடல் உண்டாக்கிய ஆன்டிபாடிகள் ரத்தத்தில் நெடுநாள் தங்கும். பரிசோதனைக்கு இரண்டு வாரம் முன்பே அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும். புண்ணுக்காக அதைத் தொடரச் சொல்லியிருந்தால், எந்தத் தேதியில் நிறுத்துவது என்று உங்கள் டாக்டரிடம் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.