முழங்கால் குருத்தெலும்பு மாற்று: ஒட்டுக்கு அளவெடுப்பது எதற்காக?

கேள்வி: டொரன்டோவில் வசிக்கும் என் 24 வயது மகளுக்கு, தொடையெலும்பின் அடிமுனையில் உட்பக்கக் குமிழில் குருத்தெலும்பும் அதன் அடியிலுள்ள எலும்பும் சேர்ந்து பெயர்ந்துவிட்டன. இறந்த கொடையாளர் ஒருவரின் துண்டைப் பொருத்தலாம் என்கிறார்கள். சிறு உலோகக் குண்டை முழங்காலின் அருகே வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். இரத்த வகையைக் கேட்கவே இல்லை. வெளிப்பக்கக் குமிழின் துண்டு கிடைத்தாலும் ஏற்கலாமாம். இதெல்லாம் முறைதானா?

பதில்: முறைதான். குருத்தெலும்பில் இரத்த நாளங்கள் இல்லை. அதன் உயிரணுக்கள் அடர்ந்த கூழ்மப் பொருளுக்குள் புதைந்திருப்பதால் நோயெதிர்ப்பு அணுக்களின் பிடிக்கு எளிதில் அகப்படுவதில்லை. எனவே சிறுநீரக மாற்றில் செய்வது போன்ற திசுப் பொருத்தச் சோதனை இங்கு வழக்கமாகச் செய்யப்படுவதில்லை. ஒட்டின், அதாவது பொருத்தப்படும் துண்டின், எலும்புப் பகுதியில் தங்கிய மச்சை (எலும்புக்குள் இரத்த அணுக்கள் உருவாகும் மென்திசு) மட்டும் நீரைப் பீய்ச்சிக் கழுவி அகற்றப்படும். ஆயினும் உங்கள் மகள் ஆர்எச் நெகட்டிவ் என்றால் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லிவிடுங்கள். பிற்காலக் கர்ப்பத்தை முன்னிட்டு அவர் அதைக் கருத்தில் கொள்ள வேண்டியிருக்கும்.

இங்கு பொருந்த வேண்டியது வடிவம். எக்ஸ்ரே படம் உண்மை அளவைவிடச் சற்றுப் பெரிதாகவே விழும். 25 மி.மீ. குண்டு படத்தில் 28 மி.மீ. எனத் தெரிந்தால், படத்தில் 84 மி.மீ. எனத் தெரியும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனை அகலம் உண்மையில் 75 மி.மீ. தான். அந்த அகலத்தை ஒத்த கொடையாளரைத் திசு வங்கி தேடும். இம்முறை எளியது, நெடுநாள் வழக்கிலும் உள்ளது; ஆனால் அகலம் ஒன்றாக இருக்கும் இருவரின் குமிழ்கள் ஒரே வளைவு உடையவை என்று கொள்ள முடியாது. மேலும் எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரிவதே இல்லை. எம்.ஆர்.ஐ. படத்தில் குருத்தெலும்பின் தடிமன், பாதிக்கப்பட்ட குமிழின் அகலம், அதன் வளைவு மூன்றையுமே அளக்கலாம் என்பதால், பழுது பெரிதாக இருந்தால் அந்த அளவுகளையும் வங்கிக்கு அனுப்பக் கேட்பது நல்லது என்பது என் கருத்து. முழங்காற் சில்லு, அது வழுக்கி ஓடும் பள்ளம் ஆகியவற்றில் இத்தகைய அளவீடு இன்னும் முக்கியம். அங்கு வளைவு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும், சில்லின் குருத்தெலும்பும் மிகத் தடித்தது.

இவ்வளவு நுணுக்கம் தேவைப்படுவதற்குக் காரணம் விளிம்புதான். ஒட்டின் மேற்பரப்பு சுற்றியுள்ள பரப்பைவிட அரை அல்லது ஒரு மி.மீ. துருத்தி நின்றாலே, நடக்கும்போது அழுத்தம் அந்த இடத்தில் குவிகிறது. அதே அளவு சற்றுத் தாழ்ந்திருந்தால் அவ்வளவு கெடுதல் இல்லை. அதனால்தான் அறுவை மருத்துவர் துண்டைத் தட்டி இறக்கும்போது, துருத்துவதைவிட மயிரிழை தாழ்ந்திருக்கட்டும் என்றே பார்ப்பார்.

வெளிப்பக்கக் குமிழின் துண்டு பற்றிய தயக்கம் இயல்பானதே. ஆனால் சுமார் 20 மி.மீ. விட்டமுள்ள வட்டத் துண்டு என்றால், வெளிப்பக்கத்திலிருந்து எடுத்ததை உட்பக்கத்தில் பதித்தாலும் பரப்பின் உயர வேறுபாடு சராசரியாக ஒரு மி.மீ.க்குள் அடங்குவதை ஆய்வக அளவீடுகள் காட்டியுள்ளன. துண்டு பெரிதாகப் பெரிதாக இந்தச் சலுகை குறையும். ஒன்றுக்கு மேற்பட்ட துண்டுகளை அடுக்கிப் பதிக்க வேண்டிய நீண்ட பழுதென்றால், அதே குமிழின் துண்டுக்காகக் காத்திருப்பதே மேல் என்பேன்.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. உறைய வைக்காமல் 4 டிகிரியில் பாதுகாக்கப்படும் ஒட்டில் உயிரணுக்கள் நாள்தோறும் குறைகின்றன. தொற்றுச் சோதனைகளுக்கே ஏறத்தாழ இரண்டு வாரம் போய்விடும், பொதுவாக 28 நாட்களுக்குள் பொருத்தியாக வேண்டும். ஆகவே ஒட்டு கிடைத்ததாக அழைப்பு வரும்போது அகல வேறுபாடு எத்தனை மி.மீ. என்பதோடு, அது எடுக்கப்பட்டு எத்தனை நாளாயிற்று என்றும் கேளுங்கள். எலும்பின் அளவு இந்த வயதில் மாறாது, பழுதின் அளவு மாறக்கூடும், கடைசி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தாலோ வலியோ வீக்கமோ கூடியிருந்தாலோ, புதிதாக ஒன்று எடுக்கச் சொல்லுங்கள்.