அலமாரிச் சாவியும் அட்டைப் பெட்டியும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க ராக் வானொலி நிலையங்களை வளர்த்தது அறுபதுகளின் இளைஞர் எழுச்சி, ஒழித்தது இணையம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். இது சரிதானா?

க., கோவை

அன்புள்ள க.,

எழுச்சியை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு இடம் பிடித்துக் கொடுத்தது ஓர் அரசு உத்தரவு. அன்று பண்பலை உரிமம் வைத்திருந்த பலர் தங்கள் மத்திய அலை நிகழ்ச்சியையே அதிலும் ஓட்டினார்கள். ஒரே சமையலுக்கு இரண்டு பந்தி. பெரிய நகரங்களில் பாதி நேரத்துக்கு மேல் இது கூடாது என்று 1964இல் ஒலிபரப்பு ஆணையம் தடை போட்டது. முதலாளிகள் இரண்டு மூன்று ஆண்டுகள் இழுத்தடித்தார்கள். பிறகு, காலியான நேரத்தை நிரப்ப மலிவாக ஏதாவது வேண்டியிருந்தது. நீண்ட முடி வைத்த பையன்களும் அவர்களுடைய இசைத்தட்டுகளும் உள்ளே வந்தது அப்படித்தான்.

1967 ஏப்ரலில் டாம் டோனஹ்யூ என்ற வானொலி அறிவிப்பாளர் சான் பிரான்சிஸ்கோவின் கே.எம்.பி.எக்ஸ். நிலையத்துக்கு வந்தார். வேற்றுமொழி நிகழ்ச்சிகளால் பிழைத்துக்கொண்டிருந்த நிலையம் அது. டோர்ஸ் குழுவின் ஏழு நிமிடப் பாட்டை மூன்று நிமிடத்துக்குள் வெட்டித்தான் மத்திய அலைக்குக் கொடுத்திருந்தார்கள். இங்கே முழுதாகவே போட்டார்கள். அடுத்த தட்டு எது என்பதை அலமாரி முன் நிற்கும் அறிவிப்பாளரே முடிவு செய்தார். ப்ளூஸுக்குப் பின் சிதார் வரலாம். சில இரவுகள் சகிக்க முடியாமலும் இருந்திருக்கும், அதையும் சொல்ல வேண்டும்.

கேட்பவர்கள் பெருகியதும் விளம்பரப் பணம் வந்தது, பணத்தின் பின்னால் ஆலோசகர்கள் வந்தார்கள். எழுபதுகளில் லீ ஏப்ரம்ஸ் நேயர்களிடம் ஆய்வு நடத்திப் பாட்டுப் பட்டியலைச் சுருக்கினார்; பல ஊர்களில் ஒரே பட்டியல். ஒலிபரப்பு அறைகளுக்குள், பாட்டுப் பெயர் எழுதிய அட்டைகளை அடுக்கிய அட்டைப் பெட்டி வந்தது. முன்னால் இருக்கும் அட்டையை எடு, அதிலுள்ள பாட்டைப் போடு, அட்டையைப் பின்னால் செருகு. என்னைக் கேட்டால், சாவு அங்கேயே தொடங்கிவிட்டது. டோனஹ்யூ தன் ஆட்களோடு 1968இல் குடிபெயர்ந்த கே.எஸ்.ஏ.என். நிலையம், 1980இல் 'கன்ட்ரி' எனப்படும் அமெரிக்க நாட்டு இசைக்கு மாறியது.

மீதியை 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் பார்த்துக்கொண்டது. ஒரு நிறுவனம் நாடு முழுவதும் 20 பண்பலை நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பு போயிற்று. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற நிறுவனம் ஒன்றிடமே ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன.

இணையத்தின் மேல் பழி போடுவதற்கு முன் தேதிகளைப் பாருங்கள். ஐபாட் கடைக்கு வந்தது 2001இல். நியூயார்க்கின் டபிள்யூ.என்.இ.டபிள்யூ. பண்பலை ராக்கைக் கைவிட்டுப் பேச்சுக்கு மாறியது 1999இல்.