மிஸ்ட் மூடும் ஊருக்கு சோலார் சரிப்படுமா? கேள்வி பதில்

கோத்தகிரியில் இருந்துகொண்டு நீலகிரி முழுக்க 14 வருஷமாக சோலார் மாட்டியும் பழுது பார்த்தும் வருகிறேன். கையில் காசு குறைவான குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து எப்படி சோலார் போட்டுக்கொள்வது என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அண்ணா, ஐப்பசி கார்த்திகையில் எங்கள் பக்கம் வாரக்கணக்கில் மிஸ்ட். வெயிலே வராத ஊரில் சோலார் போட்டால் பணம் வீண்தானே? (கோத்தகிரி)

கணக்குப் போட்டு மாட்டினால் வீணாகாது தம்பி. சமவெளியில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் கொடுக்கும். நம் மலைக்கு வருஷச் சராசரியாக 3 முதல் 3.5 யூனிட் என்றுதான் நான் கணக்கு வைப்பேன். குளிர் நமக்குச் சாதகம். பேனல் ஒரு டிகிரி சூடேறினால் உற்பத்தி 0.3, 0.4 சதவீதம் இறங்கும். அதனால் மாசி வெயிலில் நம் பேனல் தெம்பாக ஓடும். அடை மிஸ்ட் நாளில்தான் பத்தில் ஒரு பங்கோ நாலில் ஒரு பங்கோ கிடைக்கும்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தப்புப் பண்ணுகிறார்கள். மூன்று நாள் வெயில் இல்லாவிட்டாலும் ஓடட்டும் என்று பெரிய பேட்டரியாக வாங்கிவிடுகிறார்கள். சின்னப் பேனலிடமிருந்து அதற்கு ஒருநாளும் முழு சார்ஜ் கிடைக்காது. இரண்டே வருஷத்தில் செத்துப்போகும். நம் மலைக்குப் பேனலைப் பெரிதாகப் போடுங்கள், பேட்டரியை அளவாக வையுங்கள். மூன்று 9 வாட் எல்இடி பல்பு 5 மணி நேரம், இரண்டு போன் சார்ஜ் என்றால் ஒரு வீட்டுக்கு 0.2 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். 300 வாட் பேனல் இருந்தால் மிஸ்ட் நாளிலும் கிட்டத்தட்ட அதைத் தேற்றிவிடும்.

எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 160 யூனிட் ஓடுகிறது. மத்திய அரசு மானியத்தில் கூரையில் போடலாமா சார்? (குன்னூர்)

இப்போதைக்கு வேண்டாம். முதல் 100 யூனிட் இலவசம் போக நீங்கள் காசு கட்டுவது 60 யூனிட்டுக்குத்தான். போட்ட முதல் திரும்பி வரப் பல வருஷம் ஆகும். 500 யூனிட்டைத் தாண்டுகிற வீடு என்றால் தாராளமாகப் போடலாம். 2024-ல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000, அதிகபட்சம் 78,000. இந்தியாவில் செய்த பேனலாக இருக்க வேண்டும். மானியம் பிறகுதான் கணக்கில் ஏறும், முதலில் நீங்கள்தான் பணம் போட வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

எங்கள் ஹட்டியில் (படுகர் கிராமம்) கீழே ஊற்றிலிருந்து மோட்டார் வைத்துத்தான் குடிதண்ணீர் ஏற்றுகிறோம். ஊர்ப் பொதுப்பணத்தில் சோலார் என்றால் எதில் தொடங்கலாம்?

அந்த மோட்டாரில்தான். இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. தண்ணீரைப் பகலில் ஏற்றித் தொட்டியில் நிரப்பினால் பேட்டரியே வேண்டாம், தொட்டிதான் உங்கள் பேட்டரி. குந்தாவில் 500 மெகாவாட்டுக்குக் கட்டுகிற நீரேற்று மின்நிலையமும் தண்ணீரை மேலே ஏற்றிச் சேமிக்கிற இதே யோசனைதான். 3 ஹெச்பி மோட்டாருக்கு 3,000 வாட் பேனல் தேவைப்படும். ஊற்றுக்கும் தொட்டிக்கும் எத்தனை மீட்டர் உயரம் என்று அளக்காமல் யாரிடமும் விலை கேட்காதீர்கள். மழை மாதங்களுக்குப் பழைய இ.பி. இணைப்பு அப்படியே இருக்கட்டும்.

இடம் பார்க்கும்போது காலை 9 மணிக்கும் மாலை 3 மணிக்கும் போய் நில்லுங்கள். ஒரு ஊரில் மதியம் பார்த்து மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். 3 மணிக்கெல்லாம் மேட்டிலிருந்த சில்வர் ஓக் வரிசையின் நிழல் பேனலில் பட்டை பட்டையாக விழுந்தது. தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றில் நிழல் விழுந்தாலும் மொத்த வரிசையும் இறங்கும். கடைசியில் நான் போய் ஸ்டாண்டையே பிரித்து 20 அடி தள்ளி வைத்தேன்.

அண்ணா, நாங்கள் தேவர்சோலை பக்கம். யாருக்குச் சொந்தம் என்று இன்னும் முடிவாகாத பிரிவு 17 நிலம், அதனால் இன்னும் இ.பி. கிடைக்கவில்லை. மண்ணெண்ணெய் விளக்கில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். எங்களுக்கு ஏதாவது மானியம் உண்டா?

உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன், அக்கா. சூர்ய கர் மானியத்துக்கு இ.பி. இணைப்பு வேண்டும், உங்களுக்கு அது உதவாது. பிரிவு 17 என்பது 1969-ம் வருஷத்து ஜன்மம் (பழைய ஜமீன் போன்ற) நில ஒழிப்புச் சட்டத்தில் வருவது. அதன் சிக்கல் இன்னும் தீராததால் இருட்டில் இருப்பது நீங்கள். பைக்காராவில் 1932-லேயே மின்சாரம் எடுத்த மாவட்டம் இது. இதை எழுதும்போதே மனசு கனக்கிறது.

ஆனாலும் வழி இருக்கிறது. கூடலூர் பக்கம் எட்டு வீட்டுப் பெண்கள் சுயஉதவிக் குழுக் கடனில் வீட்டுக்கு ஒரு செட் போட்டார்கள். நான்தான் மாட்டினேன். கடன் தவணை போக, வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் தனியாகப் போட்டு வைக்கச் சொன்னேன். மாதம் 400, வருஷம் 4,800. ஐந்தாம் வருஷம் பேட்டரிகள் தளர்ந்தபோது பெட்டியில் 24,000 இருந்தது. முக்கால்வாசி செலவு அதிலேயே முடிந்தது. அதே சுற்று வட்டாரத்தில் இலவசமாக வந்த செட்டுகள் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஆளில்லாமல் கிடப்பதையும் பார்த்திருக்கிறேன். பேனல் 25 வருஷம் நிற்கும். பேட்டரிக்கு யார் காசு சேர்க்கிறார்கள், யார் தண்ணீர் பார்க்கிறார்கள் என்பதை மாட்டுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். அந்த எட்டு வீட்டில் பத்தாவது படித்த ஒரு பெண்ணுக்குத்தான் பொறுப்பு. மாதம் முதல் ஞாயிறு மூடியைத் திறந்து மட்டம் பார்த்து நோட்டில் எழுதி வைப்பாள்.

நாங்கள் காட்டுநாயக்கர். ஊர் காட்டுக்குள் இருக்கிறது. சோலார் வைக்க வனத்துறை விடுமா?

2006 வன உரிமைச் சட்டம் பிரிவு 3(2)-ஐக் கிராம சபையில் எடுத்துப் பேசுங்கள். மரபுசாரா எரிசக்தி, மின்கம்பி உட்பட 13 பொது வசதிகளுக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலம் கொடுக்கலாம். கிராம சபையின் பரிந்துரை கட்டாயம். அதோடு தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகத்துக்கும் பிரதமர் ஜன்மன் திட்டம் உண்டு. கரண்ட் இல்லாத வீட்டுக்கு 50,000 ரூபாய் வரை மதிப்புள்ள சோலார் செட் அதில் வருகிறது. கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவாகவே கொடுத்து ரசீது வாங்குங்கள்.

மழையில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் போனால் கூரை சோலார் ஓடுமா?

பேட்டரி இல்லாத ஆன்கிரிட் (இ.பி. லைனோடு இணைத்த சோலார்) ஓடாது. லைன்மேன் கம்பியில் கை வைக்கும்போது உங்கள் கரண்ட் அங்கே போகக்கூடாது என்பதற்காகத் தானாக நின்றுவிடும்.

ஊட்டி உறைபனியில் லித்தியம் பேட்டரி தாங்குமா சார்?

பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக்கூடாது, கெட்டுவிடும். வெளி ஷெட்டில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள். இன்னொன்று: உறைபனிக் காலையில் பேனலின் வோல்டேஜ் 7 சதவீதம்வரை கூடும். தொடரில் ஒரு பேனல் அதிகமாகப் போட்டு விடியற்காலையில் இன்வெர்ட்டரை எரித்தவர்கள் உண்டு. பேனல் மேல் உறைந்திருக்கும் பனியைச் சுரண்ட வேண்டாம், வெந்நீரும் ஊற்ற வேண்டாம். வெயில் பட்டால் பத்து நிமிஷத்தில் தானே வழிந்துவிடும்.