கழுத்துக்குத்தானே கோளாறு, கிட்னிக்கு எதற்கு ஸ்கேன்?

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு 6 வயது. பிறந்ததிலிருந்தே கழுத்து குட்டை. கூப்பிட்டால் சட்டென்று திரும்பமாட்டாள். திரும்பினாலும் உடம்போடு சேர்ந்துதான் திரும்புவாள். எக்ஸ்ரேயில் இரண்டாவது, மூன்றாவது கழுத்தெலும்புகள் ஒட்டியிருக்கின்றனவாம். மறுபடி எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., போதாததற்குக் கிட்னி ஸ்கேன் வேறு எழுதியிருக்கிறார்கள். பணம் பறிக்கிறார்களோ? மாமியார், "வெறும் சுளுக்கு, எண்ணெய் போட்டு வழித்தால் போகும்" என்கிறார்.

பதில்: எண்ணெய்க் கிண்ணத்தை முதலில் எடுத்து வையுங்கள். அந்தக் கழுத்தை யாரும் வழிக்கவோ, சொடுக்கவோ கூடாது. இது சுளுக்கே இல்லை. கருவின் 3 முதல் 8 வாரங்களுக்குள் பிரிய வேண்டிய எலும்புகள் பிரியாமலே நின்றுவிட்டன. 1912-ல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர்கள் கிளிப்பெல், ஃபீல் இருவர் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது.

மறுபடி எடுக்கச் சொன்ன எக்ஸ்ரே, குனிந்தும் நிமிர்ந்தும் எடுப்பதாக இருக்கும். ஒட்டிய எலும்பு அசையாது. அதன் பாரத்தையும் மேலும் கீழும் உள்ள மூட்டுகள்தான் சுமக்கின்றன. அவை அளவுக்கு மீறி ஆடுகின்றனவா என்பதே கேள்வி. முதல் கழுத்தெலும்புக்கும், இரண்டாவதிலிருந்து மேல்நோக்கி நீளும் முளைக்கும் நடுவே பெரியவர்களுக்கு 3 மி.மீ. இடைவெளியே எல்லை, குழந்தைகளுக்கு 5 வரை இயல்பு. ஆகவே குழந்தைகளின் படங்களைப் பார்த்துப் பழகியவர் பார்ப்பது நல்லது. குழந்தை தானாகக் குனியட்டும், தலையைப் பிடித்து அழுத்த விடாதீர்கள்.

தண்டுவடம் நசுங்குகிறதா என்பது எக்ஸ்ரேயில் தெரியாது. அதற்குத்தான் எம்.ஆர்.ஐ. கதிர்வீச்சு கிடையாது, ஆனால் அசையாமல் படுக்க வேண்டும். மயக்கம் கொடுப்பதென்றால், கழுத்தெலும்பு ஒட்டியிருப்பதை மயக்க மருத்துவரிடம் நீங்களே ஒருமுறை சொல்லிவிடுங்கள். வாய்வழி குழாய் செலுத்தக் கழுத்தை வளைக்க நேரிடும். சி.டி. ஸ்கேனை மட்டும், யாராவது எழுதினால், ஏன் என்று கேளுங்கள். அதில் கதிர்வீச்சு கூடுதல். பெரும்பாலும் அறுவை சிகிச்சை பேச்சு வரும்போதுதான் தேவைப்படும்.

கிட்னிக்கு வருகிறேன். எலும்பு பிரியும் அதே வாரங்களில்தான் சிறுநீரகமும் உருவாகத் தொடங்குகிறது. இக்குழந்தைகளில் கணிசமானோருக்கு ஒரு சிறுநீரகம் இல்லாமலோ, இடம் மாறியோ இருக்கும். வயிற்றில் ஜெல் தடவி எடுக்கும் சாதாரண ஸ்கேன் போதும். பணம் பறிக்கும் வேலையல்ல, எழுதியவர் விஷயம் தெரிந்தவர். இதயத்துக்கு எக்கோவும் கேட்பார்கள்.

முடிவுகள் வரும்வரை குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது வேண்டாம். கை மரத்துப்போனாலோ, நடை தடுமாறினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

உங்கள் சீட்டில் செவித்திறன் சோதனை இல்லை. கேட்டு வாங்குங்கள். இவர்களில் பலருக்குக் காது மந்தமாக இருப்பதுண்டு. கூப்பிட்டதும் அவள் திரும்பாததற்குக் கழுத்து மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை.